எங்க ஊரைப் பத்தி யாரும் எழுதல, அப்போ எதைப் படிக்கிறது?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முதுகலை சமூகப்பணி படிக்கிறார். எண்ணூர் ஆற்றில் இறால் பிடிக்கும் பெண்களின் வருமானம் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறார். கைடு, "முதல்ல முப்பது ரிவ்யூ கொண்டா, அப்புறம் ஃபீல்டுக்குப் போகலாம்" என்கிறாராம். சீனியர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால் இரண்டாம் அத்தியாயத்தில் முந்தைய ஆய்வுகளின் முப்பது சுருக்கங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மீதிப் புத்தகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "எங்க ஊரைப் பத்தி யாரும் எழுதல. அந்த அக்காங்க எல்லாம் பக்கத்துலயே இருக்காங்க. நேரா போய்க் கேட்டா போதாதா? இந்த ரிவ்யூ யாருக்காக?" என்பது அவர் எழுதியது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, முன்னால் வந்தவர்கள் எழுதியதை எதற்குப் படிக்க வேண்டும் என்பது. அதற்கு அடியில் இன்னொன்று: ஆய்வு என்று எதைச் சொல்கிறோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே பேசித் தெரிந்துகொள்வது ஆய்வாகாதா? இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது தானே அவிழும். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். இருபத்தெட்டு வருடம் சமூகப்பணி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்த முப்பது சுருக்கங்களை ஒட்டிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தொண்ணூறுகளில் காசிமேட்டு மீன்காரப் பெண்களின் கடன் பற்றி ஆராயப் போனேன். எதையும் படிக்காமல், நாலு நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து தயாரித்த வினாப்பட்டியல் கையில். பதினோராவது கேள்வி, "நீங்கள் வாங்கிய கடனுக்கு மாத வட்டி எவ்வளவு?" கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாச வட்டின்னா இன்னா நைனா? தண்டல் வாங்கிக்கினு கீறோம். ஆயிரம்னா கையில எட்நூத்தம்பது குடுப்பான். தினம் பத்து ரூபா, நூறு நாளு. இதுல மாசம் எங்க கீது?" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் விடவில்லை. "போன வருசம் ஒரு பொண்ணு வந்து இத்தையேதான் கேட்டுகினு போச்சி. அது எய்திகினு போனது இன்னா ஆச்சி?"

அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று என்று தேடினேன். இரண்டு மைல் தள்ளி ஒரு கல்லூரி நூலகத்தில், ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அட்டையில் தூசியோடு இருந்தது. தண்டல் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. மாத வட்டி என்று கேட்டு அவரும் முதலில் முட்டிக்கொண்டு, பிறகு கேள்வியை மாற்றியிருந்தார். அதையும் நேர்மையாக ஒரு பத்தியில் எழுதியிருந்தார். அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் போயிருந்தால் நாற்பது பெண்களின் நேரத்தை நான் வீணாக்கியிருக்க மாட்டேன். வேலை முடிந்து பஸ் பிடிக்கப் போகும் நேரத்தில் என் காகிதத்துக்காக உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஆய்வேட்டின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அதே பெரியம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். கல்யாணம், மருத்துவம் இவற்றுக்காகத்தான் பெண்கள் கடன் வாங்குகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். "அது வேற கடன். ஏலத்துல மீன் எடுக்கக் காத்தால கடன் வாங்கி, வித்துட்டு ராவுல குடுக்குறமே, அத்த அந்தப் பொண்ணு கேக்கவே இல்லியே" என்றார். தண்டல் எழுதப்பட்டிருந்தது, கல்யாணக் கடன் எழுதப்பட்டிருந்தது, விடியற்காலை வாங்கி இரவில் அடைக்கும் கடன் எழுதப்படவில்லை. என் ஆய்வு அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஆகவே, நேரே போய்க் கேட்டால் போதாதா என்பதற்கு என் பதில்: கேட்கலாம், ஆனால் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையும், போன வருடம் வந்தவர் எழுதிப் போனதையும் மறுபடி எழுதிக்கொண்டு வருவீர்கள். உங்களுக்கு அது புதிது. நமக்குத் தெரியாதது வேறு, யாருக்கும் தெரியாதது வேறு. ஆய்வு இரண்டாவதைத் தேடுவது. எது யாருக்கும் தெரியாது என்பதை நம் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. எழுதப்பட்டதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அறிவு இருந்தால் படிக்காமலே சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, நம் பக்கத்திலேயே வாழ்ந்த ஒருவரைச் சொல்வேன். கணிதமேதை ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதினார். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளாக என்னென்ன செய்து முடித்திருந்தார்கள் என்பது பெரும்பாலும் அவர் கைக்கு எட்டவில்லை. 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனது, கேம்பிரிட்ஜுக்குப் போனார். பின்னால் ஹார்டி போட்ட கணக்குப்படி, இந்தியாவில் இருந்தபோது ராமானுஜன் செய்த சிறந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்ததை மறுபடி கண்டுபிடித்தது. அவ்வளவு பெரிய மூளைக்கே அந்தக் கதி. நமக்கெல்லாம் ஆறு மாதமும் ஒரு வைவாவும்தான் இருக்கின்றன.

சரி, எழுதப்பட்டதைப் படித்தால் என்ன கிடைக்கும்? "இடைவெளி", அதாவது முன்னால் வந்தவர்கள் விடை காணாமல் விட்ட இடம், என்ற சொல்லை எல்லா வகுப்பிலும் உருப்போட வைக்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. எனக்குத் தெரிந்து அதற்கு மிக அழகான உதாரணம் இந்த ஊரிலேயே நடந்தது. வடசென்னையில் இல்லை, சேத்துப்பட்டில். ஐம்பதுகளில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. ஐசோனியசிட் 1952-லிருந்து புழக்கத்தில் இருந்தது. மருந்து வேலை செய்யும் என்பது எழுதப்பட்டிருந்தது. ஆனால் நோயாளியை சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்று எல்லாம் கொடுத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. நம் ஊரில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு மூலைக்குக் காணாது. அப்போது கேள்வி எங்கே இருக்கிறது? மருந்து வேலை செய்யுமா என்பதில் இல்லை, அது முடிந்துபோனது. ஒண்டுக் குடித்தனத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட்டாலும் வேலை செய்யுமா என்பதுதான் யாருக்கும் தெரியாதது.

1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கி, சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வீட்டில் சிகிச்சை, மறு பாதிக்கு சானடோரியத்தில். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதன்பிறகு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பியது. அந்தக் கேள்வியின் பாதி நூலகத்திலிருந்தும் மறுபாதி தெருவிலிருந்தும் வந்தது. நூலகம் மட்டும் இருந்தால் இன்னொரு மருந்துச் சோதனை செய்திருப்பார்கள். தெரு மட்டும் இருந்தால் "ஏழைகளுக்கு மருத்துவமனையில் இடமில்லை" என்று ஒரு அறிக்கை எழுதியிருப்பார்கள்.

இனி உங்கள் விஷயம். "எங்க ஊரைப் பத்தி யாரும் எழுதல" என்பதை நான் நம்பவில்லை. கோபப்படாதீர்கள். எண்ணூரைப் பற்றி எழுதியதைத் தேடினால் தலை சுற்றும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிவு, அவை ஆற்றில் விடும் சுடுநீர், 2017 ஜனவரி 28-ஆம் தேதி இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் எண்ணெய் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் காகிதம் குவிந்திருக்கிறது. நீங்கள் பத்திரிகைக் கட்டுரைகளை மட்டும் தேடியிருப்பீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அதன் உத்தரவுகளையும் அது நியமித்த குழுக்களின் அறிக்கைகளையும் பாருங்கள். துறைமுகத் திட்டங்களுக்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றைச் சந்தேகத்தோடு படியுங்கள், காசு கொடுத்தவர் யார் என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்த மீனவர் கணக்கெடுப்பில் ஊர் வாரியாக எண்கள் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது, இலவசம்.

தேடும்போது பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் என் மாணவர்கள் அதிகம் கோட்டைவிட்டது இங்கேதான். உங்கள் ஆற்றையே கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். எங்கள் பேட்டைக்கு ஆங்கிலத்தில் வாஷர்மேன்பெட் என்றும் வாஷர்மென்பெட் என்றும் இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு. ஜார்ஜ் டவுனைப் பற்றிப் பழைய ஆவணங்களில் தேட வேண்டுமென்றால் "பிளாக் டவுன்" என்று போட வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லை சார்" என்று வந்து நிற்பார்கள்.

கணினியில் கிடைக்காதது இல்லவே இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். 2001-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வுக்காக, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை நல்ல உடல்நிலையில் இருந்த தன்னார்வலர்களுக்கு மூச்சுவழியாகக் கொடுத்தார்கள். ஆய்வாளர் தேடிய தரவுத்தளம் 1966-க்கு முன்னால் போகவில்லை. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று ஐம்பதுகளில் வெளிவந்த கட்டுரைகள் நூலக அலமாரியில் இருந்தன. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். உங்கள் ஆய்வில் உயிர் போகாது, சரி. ஆனால் நம் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளில் பெரும்பகுதி இன்னும் எந்த இணையதளத்திலும் ஏறவில்லை. நான் சொன்ன அந்த ஸ்பைரல் பைண்டிங் மாதிரி, நூலகர் சாவி எடுத்துத் திறந்தால்தான் உண்டு. நூலகரிடம் நல்ல பெயர் வாங்கி வையுங்கள்.

இவ்வளவு தேடியும் ஆற்றில் இறங்கும் பெண்களைப் பற்றிக் குறைவாகத்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் தேட வேண்டியது ஊரை இல்லை, விஷயத்தை. வடக்கே கொஞ்சம் தள்ளிப் பழவேற்காடு இருக்கிறது. அங்கே ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் "பாடு" பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அந்த முறையில் உரிமை சில ஊர்களின், சில குடும்பங்களின் ஆண்களுக்குத்தான். இதைப் படித்துவிட்டு எண்ணூருக்குத் திரும்பினால் உங்களுக்குக் கேள்வி தானாக வரும். பறி என்ற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் எடுக்கும் பெண்ணுக்கு ஆற்றில் எந்த இடம்? அதை யார் சொல்வது? எண்ணெய் வந்து ஒரு பக்கம் பாழானபோது அவர் இன்னொரு பக்கம் போக முடிந்ததா? "வருமானம் எவ்வளவு" என்று நீங்கள் வைத்திருந்த கேள்வியைவிட இது எத்தனையோ மேல். எங்கள் தெருவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று நின்றிருந்தால் இந்தக் கேள்விக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

ஒட்டு வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இலக்கிய மீளாய்வு" என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துவிட்டோம், பிள்ளைகள் கதை கவிதை என்று நினைக்கிறார்கள். தமிழ்த்துறையில் "ஆய்வு முன்னோடிகள்" என்று எழுதுவார்கள். அது நல்ல சொல். முன்னால் போனவர்கள் எதுவரை போனார்கள், எங்கே திரும்பினார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒரு கட்டுரையைப் படித்ததும் அவர்கள் கேட்டது என்ன, யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், கிடைத்தது என்ன, கேட்காமல் விட்டது என்ன என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் ஐந்து வரி எழுதுங்கள். ஐந்தாவது வரியை எழுத முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை, புரட்டியிருக்கிறீர்கள். பிறகு அந்தக் குறிப்புகளை ஆள் வாரியாக அடுக்காமல் சண்டை வாரியாக அடுக்குங்கள். இவர் இப்படிச் சொல்கிறார், அவர் மறுக்கிறார், இருவருமே பெண்களிடம் கேட்கவில்லை. இப்படி எழுதினால் அத்தியாயம் பேச ஆரம்பிக்கும். காப்பி பேஸ்ட் பிரச்சினையும் போய்விடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஆனால் ஒன்பது சதவீதம் வந்துவிட்டது என்பதால் அது நல்ல ஆய்வாகிவிடாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நூற்பட்டியல் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இல்லாத கட்டுரையை, இல்லாத ஆண்டோடு, இருக்கிற பேராசிரியர் பெயரில் அது தரும். கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அதே தலைப்பை ஒருவர் செய்துவிட்டார் என்று தெரிந்தால் கைவிட வேண்டுமா? அவசியமில்லை. எண்ணெய்க் கசிவுக்கு முன்னால் எடுத்த கணக்கைப் பின்னால் மறுபடி எடுத்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. ஆனால் போதும் என்ற இடம் ஒன்றுண்டு. மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தை 1959 முதல் 1988 வரை 33 முறை சோதித்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாகக் கூட்டிப் பார்த்து 1992-இல் ஒரு கட்டுரை வந்தது. உயிரைக் காக்கும் என்பது 1973-லேயே, எட்டுச் சோதனைகளில் தெரிந்துவிட்டதாம். பாக்கி 25 சோதனைகளில் 34,000 பேருக்கும் மேல் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்து போகவில்லை.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஐயமுள்ள இடமும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டுமா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. 1967-இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், களத்திலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் முறை ஒன்றை முன்வைத்தார்கள். முன்கூட்டியே படித்தால் அடுத்தவர் கண்ணால்தான் பார்ப்போம், ஆகவே துறை நூல்களைப் பிறகு படியுங்கள் என்பது அவர்கள் வாதம். பின்னாளில் இதில் அவர்கள் இருவருக்குள்ளேயே பிளவு வந்தது. நான் இரண்டு விதமாகவும் மாணவர்களை அனுப்பிப் பார்த்திருக்கிறேன். நிறையப் படித்துவிட்டுப் போன சிலர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்காமல், படித்ததை அவர் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தார்கள். படிக்காமல் போனவர்கள் என்னைப்போல மாத வட்டி கேட்டார்கள். இப்போது என் வழக்கம், முதலில் பத்துப் பதினைந்து படித்துவிட்டு, காகிதம் இல்லாமல் இரண்டு நாள் ஊரில் சும்மா சுற்றி, திரும்பி வந்து மீதியைப் படிக்கச் சொல்வது. இது என் அனுபவம்தான், விதி இல்லை. ஆய்வுக்கூடத் துறைகளுக்கும் மருத்துவத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அங்கே முன்னாய்வுகளைத் தேடுவதற்கே கறாரான நடைமுறைகள் இருக்கின்றன, அந்தத் துறைக்காரரைக் கேளுங்கள்.

கடைசியாக அந்த முப்பது. அது எங்கிருந்து வந்த எண் என்று எனக்குப் பலகாலம் ஆச்சரியம், நானே மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன் என்றாலும். புதிதாக எடுக்கும் கட்டுரைகளின் நூற்பட்டியலில் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்த பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால், கிட்டத்தட்ட முடிந்தது என்று பொருள். உங்கள் தலைப்புக்கு அது இருபதிலும் நடக்கலாம், ஐம்பதிலும் நடக்கலாம். கைடு முப்பதுதான் என்று நின்றால் முப்பது கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். அப்புறம், ஆற்றுக்குப் போகும்போது அவர்கள் இறங்கும் நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள், தண்ணீரைப் பொறுத்து அது மாறும். பறியோடு நிற்பவரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். கரையேறி, இறாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, கை கழுவி உட்காரட்டும். முன்னால் வந்தவர்கள் எழுதிப் போன இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டி, "இது சரியா அக்கா?" என்று ஆரம்பியுங்கள்.